இன்னொரு பாட்டில் ஏற்றலாமா?

ஆபரேஷன் மேஜையில் கிடக்கும் நோயாளிக்கு இன்னும் திரவம் ஏற்றினால் பலன் உண்டா என்பதை, ஊசி குத்தாமல், விரலில் பாயும் வெளிச்சத்தை வைத்தே சொல்ல முடிகிறது. ஆனால் இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதில்தான் சிக்கல்.

பெங்களூர் மெஜஸ்டிக்கை ஒட்டி, ரயில் பாதைகளின் ஓரமாக இருக்கிறது ஒக்கலிபுரம். இங்கும் பக்கத்து ஸ்ரீராமபுரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இந்தப் பகுதியில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் அரசுத் தரப்பில் போக்கிடங்கள் தெரிந்தவைதான்: மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல், ராஜாஜி நகர் இ.எஸ்.ஐ., சிட்டி மார்க்கெட் பக்கம் விக்டோரியா, பிரசவம் என்றால் வாணி விலாஸ். வார்டுக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வியும் தெரிந்ததுதான். ‘எத்தனை பாட்டில் ஏறிச்சு?’

ஏறிய பாட்டில்களின் எண்ணிக்கையை வைத்துச் சிகிச்சையின் தரத்தை அளப்பது தமிழர்களுக்கு மட்டுமான பழக்கம் அல்ல. உள்ளே இருப்பது உப்புத் தண்ணீராக இருந்தாலும் அதற்கு ‘குளுக்கோஸ்’ என்றுதான் பெயர். ஏற்றினால் தெம்பு வரும் என்பது நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், மூடிய கதவுக்கு உள்ளே, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருந்து நிபுணரைக் குடைவதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். ரத்த அழுத்தம் இறங்குகிறது. இன்னொரு பாட்டில் ஏற்றலாமா, கூடாதா?

தப்பாக முடிவு செய்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. திரவம் குறைந்தால் உறுப்புகளுக்கு ரத்தம் போதாது. முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும், குடல் வீங்கும், தையல் போட்ட இடம் ஆறத் தாமதமாகும். சாதாரண சலைன் அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு பாட்டில் ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு நாள் உப்பு ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

மருத்துவம் இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய 200 வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து கிளம்பிய காலரா 1831இல் பிரிட்டனை எட்டியபோது, ஓ’ஷானஸி என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதிலிருந்து தண்ணீரும் உப்பும் வடிந்துபோயிருப்பதைக் கண்டார். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் உப்பு நீரை நேராக நரம்பில் ஏற்றினார். ஓ’ஷானஸி பிறகு கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளைப் போட்டவராகப் பெயர் பெற்றார். நரம்பில் ஏற்றினால் உயிர் பிழைக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

பிற்காலத்தில் அதற்கு ஒரு சூத்திரம் வந்தது. 1957இல் குழந்தைகளுக்காக வகுக்கப்பட்ட கணக்கு ஒன்று, மெல்ல எல்லோருக்குமான கணக்காகிவிட்டது. எடையில் முதல் 10 கிலோவுக்கு மணிக்குக் கிலோவுக்கு 4 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 2 மில்லி, மீதிக்கு 1 மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 100 மில்லி. முந்தின இரவிலிருந்து 10 மணி நேரம் பட்டினி கிடந்தால் ஒரு லிட்டர் பாக்கி. அதையும் சேர்த்து ஏற்று. வயிற்றைத் திறந்தால் இன்னும் கூட்டு. இந்தக் கணக்கில் எடை இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. மேஜையில் கிடக்கும் ஆளின் இதயம் மட்டும் இல்லை.

இந்தக் கணக்கை முதலில் உலுக்கியது டென்மார்க். பெருங்குடல் ஆபரேஷன் நோயாளிகளுக்குத் திரவத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல ஏற்றியவர்களில் 51 சதவிகிதம் பேருக்குச் சிக்கல்கள். குறைத்து ஏற்றியவர்களில் 33 சதவிகிதம்தான். உடனே ‘குறைவே நிறைவு’ என்ற கட்சி வளர்ந்தது. ஆனால் 2018இல் வெளியான பெரிய ஆய்வு அந்தக் கட்சிக்கும் கடிவாளம் போட்டது. 7 நாடுகளில், பெரிய வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 3,000 பேர். முதல் 24 மணி நேரத்தில் ஒரு பிரிவுக்கு 3.7 லிட்டர், இன்னொரு பிரிவுக்கு 6.1 லிட்டர். ஒரு வருடம் கழித்து, ஊனமின்றி உயிரோடிருந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் குறைவாகப் பெற்றவர்களில் 8.6 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தாராளமாகப் பெற்றவர்களில் 5 சதவிகிதம் பேருக்குத்தான்.

ஆக, தாராளமும் தப்பு, கஞ்சத்தனமும் தப்பு. எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது என்பதே பாடம். ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும். எப்படி அளப்பது?

பழைய வழி, கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம்வரை குழாய் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தைப் பார்ப்பது. பல வருடங்கள் இதுவே வேதவாக்காக இருந்தது. 2008இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க டாக்டர்கள், திரவம் ஏற்றினால் பலன் கிடைக்குமா என்பதை அந்த அழுத்தத்தால் சொல்ல முடியாது என்று முடிவு கட்டினார்கள். மணிக்கட்டுத் தமனியில் ஊசியை நிறுத்திவைத்து ரத்த அழுத்த அலையைப் படிப்பது அதைவிட நம்பகமானது. ஆனால் ஒவ்வொரு அப்பெண்டிசைட்டிஸுக்கும் தமனியில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்க முடியாது.

இங்கேதான் விரல் நுனிக்கு வேலை வருகிறது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பல்ஸ் ஆக்சிமீட்டரின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டகுவோ அயோயாகி என்ற பொறியாளர், 1970களின் தொடக்கத்தில், இதயம் எவ்வளவு ரத்தம் பாய்ச்சுகிறது என்பதைக் காதில் வெளிச்சம் பாய்ச்சி அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கோட்டைக் கெடுத்தது. அந்த இரைச்சலை ஒழிக்கப் பாடுபட்டவருக்கு, இரைச்சலுக்குள்ளேயே சேதி இருப்பது பிடிபட்டது. துடிக்கும்போது மட்டும் மாறும் வெளிச்சம் தமனி ரத்தத்துடையது. சிவப்பு, அகச்சிவப்பு இரண்டையும் ஒப்பிட்டால் ஆக்சிஜன் அளவு தெரியும். 1974இல் அவர் இதை வெளியிட்டார். 2020 ஏப்ரலில், அவருடைய கண்டுபிடிப்பை உலகமே விரலில் மாட்டிக்கொண்டு அலைந்தபோது, 84வது வயதில் காலமானார்.

அந்த அலையில் இன்னொரு இரைச்சல் மிச்சமிருந்தது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் நாடி அலை, மூச்சுக்கு மூச்சு உயர்ந்து தாழ்கிறது. இதை வைத்து ரத்தக் குழாய்களில் திரவம் போதுமா என்று ஊகிக்கலாம் என 1987லேயே எழுதியிருக்கிறார்கள்.

காரணத்தைப் பெங்களூர்வாசிகளுக்கு விளக்குவது சுலபம். வீட்டுச் சம்ப்பில் காவிரித் தண்ணீர் தளும்ப இருந்தால் மோட்டார் ஒரே சீராக இழுக்கும். அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் விட்டு விட்டு இழுக்கும். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சற்றுக் குறைகிறது. குழாய்களில் ரத்தம் நிறைவாக இருந்தால் இதயம் அதைப் பொருட்படுத்தாது. குறைவாக இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் விரல்வரை வந்து அலையில் தெரியும்.

கணக்கு இவ்வளவுதான். துடிப்பினால் மாறும் வெளிச்சத்தை மாறாத வெளிச்சத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஒரு குறியீடு கிடைக்கிறது. ஒரு மூச்சுச் சுற்றில் அது அதிகபட்சம் 2.0, குறைந்தபட்சம் 1.6 என்றால், ஏற்ற இறக்கம் 20 சதவிகிதம். அமெரிக்காவின் மாசிமோ நிறுவனம் இதைத் தானே கணக்கிட்டுத் திரையில் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. 2008இல் பிரான்ஸைச் சேர்ந்த டாக்டர்கள் 25 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். எண் 14க்கு மேல் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் திரவம் ஏற்றியதும் இதயம் பாய்ச்சும் ரத்தம் கூடியது. பலன் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவரைத்தான் எண் கோட்டைவிட்டது. ஊசி இல்லை, குழாய் இல்லை. ஏற்கெனவே விரலில் மாட்டியிருக்கும் அதே சென்சார் வகைதான்.

கேட்க அற்புதமாக இருக்கிறது. அப்படியானால் ஏன் எல்லா தியேட்டர்களிலும் இந்த எண்ணைப் பார்த்தே பாட்டிலைத் திறப்பதில்லை?

முதல் காரணம், எண் பேசுவதற்கு விதிக்கும் நிபந்தனைகள். நோயாளி முழு மயக்கத்தில், வென்டிலேட்டரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் எடையில் கிலோவுக்கு 8 மில்லி காற்றாவது உள்ளே போக வேண்டும். நுரையீரலைக் காப்பதற்காக அதைவிடக் குறைத்துக் கொடுப்பது இன்று பெருகிவருகிறது. இதயத் துடிப்பு தாளம் தப்பக்கூடாது. மார்பைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு இது உதவாது. ஏசி குளிரில் விரல் சில்லிட்டாலோ, ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து கொடுத்தாலோ அலையே மெலிந்துபோகும்.

இந்த நிபந்தனைகளை இந்திய ஆபரேஷன் தியேட்டருக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் சுருக்கென்று தைக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நடந்த பிரசவங்களில் 21.5 சதவிகிதம் சிசேரியன். கர்நாடகத்தில் 31.5 சதவிகிதம், தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதம். சிசேரியன் பெரும்பாலும் முதுகுத் தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து நடக்கிறது. தாய் விழித்திருக்கிறார், தானாகவே மூச்சு விடுகிறார். அந்த ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் சரிவது சகஜம். இன்னொரு பாட்டிலா என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழும் நேரம் அது. சரியாக அங்கேதான் இந்த எண் தடுமாறுகிறது. சிசேரியனிலும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒக்கலிபுரத்திலிருந்து வாணி விலாஸுக்குப் பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு, இப்போதைக்கு, தலைமாட்டில் இருக்கும் டாக்டரின் கண்ணும் அனுபவமும்தான் துணை.

இரண்டாவது காரணம், எண் என்ன சொல்கிறது என்பதிலேயே இருக்கிறது. ‘ஏற்றினால் இதயம் இன்னும் கொஞ்சம் பாய்ச்சும்’ என்பதுதான் அதன் சேதி. ‘ஏற்ற வேண்டும்’ என்று அது சொல்வதில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு தெருவில் நடந்து போகிறவருக்குக்கூட ஒரு பாட்டில் ஏற்றினால் இதயம் கூடுதலாகத்தான் பாய்ச்சும். அதற்காக யாரும் அவரைப் பிடித்துப் படுக்கவைப்பதில்லை. ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்த இழப்பு, நோயாளியின் வயது, இதயத்தின் நிலை எல்லாவற்றோடும் சேர்த்துப் படித்தால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

மூன்றாவது, ஆய்வு முடிவுகள். 2010இல் பெல்ஜியத்தில், வயிற்று ஆபரேஷன் நோயாளிகளுக்கு இந்த எண்ணைப் பார்த்துத் திரவம் கொடுத்தபோது ரத்தத்தில் லாக்டேட் குறைந்தது. திசுக்களுக்கு ரத்தம் ஒழுங்காகப் போனது என்பதற்கு அது அடையாளம். ஆனால் 2020இல் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன்களில், எண்ணைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் இருவருமே மருத்துவமனையில் தங்கிய நாட்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிறிய, ரத்தம் அதிகம் போகாத ஆபரேஷன்களில் இதனால் பெரிய லாபம் இல்லை. பெரிய ஆபரேஷன்களில்தான் இதன் பெறுமதி.

தென்னிந்தியர்கள் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. விரலில் பாயும் வெளிச்சம் தோலின் வழியாகத்தான் போயாக வேண்டும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவிகிதம்வரை காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தவர்கள் கறுப்பர்களில் 11.7 சதவிகிதம் என்றும், வெள்ளையர்களில் 3.6 சதவிகிதம்தான் என்றும் கண்டது. அது ஆக்சிஜன் பற்றிய கணக்கு. அலையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் வெளிச்சத்தை நம்பும் எந்தக் கருவியையும் நம் ஊர் விரல்களில், நம் ஊர் நிறங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும்கூட ஆக்சிமீட்டரைக் குழப்பக்கூடியவை. ஆபரேஷனுக்கு முன் நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

இந்தச் சோதனைகளைச் செய்ய பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். நோயாளிக் கண்காணிப்புக் கருவிகள் தயாரிக்கும் பிபிஎல் மெடிக்கல் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான். ஜி.இ. நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் 2000த்திலிருந்து இங்கே இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் பெங்களூர்ப் பொறியாளர்கள் உருவாக்கிய மலிவு விலை ஈசிஜி இயந்திரம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பஸ் டிக்கெட் அடிக்கும் இயந்திரத்தில் இருப்பது போன்ற சின்ன பிரிண்டரைப் பயன்படுத்தியே அதன் விலையைக் குறைத்தார்கள். ஈசிஜியில் முடிந்தது விரல் அலையில் முடியாதா என்ன? பல மானிட்டர்களில் இந்த அலை ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் திரைக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று பல கருவிகள் அலையின் உயரத்தைத் தாமாகவே சரிக்கட்டிவிடுகின்றன. சேதியாக இருக்க வேண்டிய ஏற்ற இறக்கம் திரைக்கு வரும் முன்பே இஸ்திரி போடப்பட்டுவிடுகிறது.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. செலவே இல்லாத ஒரு வேலை கைவசம் இருக்கிறது. ‘ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. காலையில் நடக்க வேண்டிய ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனால், நோயாளி மேஜைக்கு வரும்போதே வறண்டுபோயிருப்பார். வயிற்றில் வேறு கோளாறு இல்லாதவர்கள் மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்கம் 1999லேயே சொல்லிவிட்டது. யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பதில் தப்பில்லை. 1971இல், வங்க தேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றிய நாடு இது. வாயால் குடிக்கும் தண்ணீரின் மதிப்பை இந்தியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நரம்பில் ஏறும் தண்ணீரும் மருந்துதான் என்பதைக் கர்நாடகம் அண்மையில் கசப்பாக உணர்ந்தது. 2024 நவம்பரில் பல்லாரி மாவட்ட மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்களில் ஐந்து பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் தரத்தின் மீது மாநில அரசு சந்தேகப்பட்டு, அதன் பயன்பாட்டை நிறுத்தியது; மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அது திரவத்தின் தரம் பற்றிய விவகாரம். அளவு பற்றியது அல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மனப்பான்மை. மற்ற மருந்துகளுக்கு மில்லிகிராம் கணக்குப் பார்க்கும் இடத்தில், பாட்டில் திரவத்தை மட்டும் வெறும் தண்ணீராகப் பார்க்கும் மனப்பான்மை.

விரலில் மினுங்கும் சிவப்பு வெளிச்சத்தின் உண்மையான பயன் இந்த மனப்பான்மையை மாற்றுவதாக இருக்கலாம். எண் 14ஐத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும், இந்த நோயாளிக்கு, இந்த நிமிடத்தில், இந்தப் பாட்டில் எதற்கு என்று ஒருவர் நின்று யோசிக்கிறார் அல்லவா, அதுதான் லாபம். அப்படி யோசித்தவர் சில சமயம் பாட்டிலை அப்படியே கீழே வைத்துவிடுவார்.

வெளியே காத்திருப்பவர்களுக்கு அது குறையாகப் படலாம். ‘ஒரே ஒரு பாட்டில்தானா?’ என்று அடுத்த படுக்கைக்காரரோடு ஒப்பிட்டு ஆதங்கப்படுவார்கள். போதும் என்று நிறுத்துவதும் வைத்தியம்தான்.